மைக்ரோமீட்டருக்கு ஒரு பரீட்சை

கிரைண்டிங் முடிந்த ஒரு ஷாஃப்ட். காலை ஷிஃப்டில் அளந்தவர் 20.01 மி.மீ. என்று எழுதுகிறார். அதையே மாலையில் அளந்தவருக்கு 20.02 வருகிறது. அனுமதித்த உச்ச அளவு 20.01 என்றால், காலையில் தேறிய ஷாஃப்ட் மாலையில் கழிவாகிவிடும். எந்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் மைக்ரோமீட்டரை விசாரிக்க வேண்டும்.

காலிபிரேஷன் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். அது 20 டிகிரி வெப்பநிலையில், ஆய்வகத்தில், தேர்ந்த கை அளந்த கதை. எண்ணெய்ப் பிசுக்கும் அவசரமும் உள்ள இடத்தில் அதே கருவி என்ன சொல்லும் என்பதை அந்தத் தாள் சொல்லாது.

அதற்கென்றே வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் ‘கேஜ் ஆர் அண்ட் ஆர்’ சோதனை நடத்துகிறார்கள். வழக்கமாக 10 உருப்படிகள், 3 ஆபரேட்டர்கள், ஆளுக்கு 2 அல்லது 3 முறை. எது எந்த உருப்படி என்று தெரியாதபடி வரிசையைக் கலைத்துக் கொடுப்பார்கள். ஒரே ஆள் ஒரே உருப்படியைத் திரும்ப அளக்கும்போது எண் ஆடினால், பெரும்பாலும் கருவியில்தான் கோளாறு: திருகு தேய்ந்திருக்கலாம், முகப்பில் அழுக்கு இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறினால் பழக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் ராட்செட்டை ‘கிளிக்’ ஒலிக்கும்வரை திருகுவார். இன்னொருவர் உருளையையே பிடித்து இறுக்குவார். இந்த இறுக்கம் ஒன்றே சில மைக்ரான்களை விழுங்கிவிடும். இதற்குப் புதுக் கருவி வாங்கிப் பயனில்லை, பயிற்சிதான் வேண்டும். கோளாறு கருவியிலா, ஆளிடமா என்ற இந்தப் பிரிப்புக்காகவே சோதனையை நான் மதிக்கிறேன்.

அமெரிக்க வாகனத் தொழில் அமைப்பான ஏஐஏஜியின் கையேட்டின்படி, உருப்படிகளுக்கு இடையிலான வித்தியாசமும் சேர்ந்த மொத்த வேறுபாட்டோடு ஒப்பிட அளவீட்டின் ஆட்டம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 30-ஐத் தாண்டினால் ஆகாது. இடைப்பட்டதை வேலையின் முக்கியத்துவம் பார்த்து ஏற்கலாம். ஆனால் கருவியால் உருப்படிகளை எத்தனை ரகமாகப் பிரித்தறிய முடிகிறது என்றும் கணக்கிடுவார்கள். 10 சதவீதத்தில் 14 ரகம் தெரியும்; 30-இல் வெறும் 4. கையேடு கேட்பதோ குறைந்தது 5. ஆகவே 30-ஐ ஒட்டி நிற்கும் கருவியை ‘பாஸ்’ என்று விட்டுவிடக் கூடாது.

சோதனையே ஏமாறவும் கூடும். ஒரே மணி நேரத்தில் வந்த, ஏறக்குறைய ஒரே அளவுள்ள 10 உருப்படிகளைக் கொடுத்தால் நல்ல மைக்ரோமீட்டரும் தோற்கும். கழிவுப் பெட்டியிலிருந்து இரண்டைக் கலந்தால் மட்டமானதும் தேறிவிடும். பல நாள், பல ஷிஃப்ட், கிரைண்டிங் சக்கரத்தைத் தீட்டுவதற்கு முன்னும் பின்னும் வந்தவை என்று பொறுக்கியெடுத்தால்தான் அந்தச் சதவீதத்துக்கு அர்த்தம் உண்டு.