வீட்டுக் கடனுக்கு முன் புதிய கடன் அட்டை வேண்டாம்

சொந்த வீடு கட்ட விரும்பும் விவசாயி, பாங்கில் அடமானக் கடனுக்கு மனுச் செய்கிறார். அதற்குச் சில மாதங்கள் முன்னரே, தவணையில் சாமான்கள் வாங்கும் பொருட்டு இரண்டு புதிய கடன் அட்டைகளை அவர் பெற்றிருந்தால், அவையே மனுவுக்கு இடையூறாகலாம். இதன் காரணத்தை அறிதல் நலம்.

முற்காலத்தில் ஒருவருடைய நாணயத்தை ஊரார் அறிவர். இந்நாளில் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் அதனைப் பதிவு செய்கின்றன. அவற்றுள் ஒன்றான சிபில், 300 முதல் 900 வரை மதிப்பெண் அளிக்கிறது.

புதிய அட்டைக்கு மனுச் செய்யுந்தோறும் பாங்கு இப்பதிவேட்டைப் பார்வையிடுகிறது. அப்பார்வையும் அதில் பதிவாகிறது. குறுகிய காலத்தில் பல பார்வைகள் சேர்ந்தால், மனுதாரர் பணமுடையில் இருப்பதாக ஐயம் எழும், மதிப்பெண்ணும் குறையக்கூடும். அட்டையில் பாக்கி நின்றாலோ, வருவாயில் வீட்டுத் தவணைக்கு எஞ்சுவது சுருங்கும்; கிடைக்கும் கடனும் அதற்கேற்பக் குறையும்.

1998-இல் தொடங்கப்பெற்ற கிசான் கடன் அட்டையின் கணக்கும் இப்பதிவேட்டில் சேர்வதாகும். ஆகவே பயிர்க்கடனைக் கெடு தவறாது செலுத்துதல் வேண்டும்.

ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். அதில் பிழை இருப்பின் உடனே முறையிடுக. 30 நாட்களுக்குள் தீர்வு கிட்டாவிடில், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெற உரிமையுண்டு.

வீட்டுக் கடன் கைக்கு வரும்வரை புதிய கடனை நாடாதிருத்தலே விவேகம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கிராம சபையில் இதனை எடுத்துரைப்பார்களாக.