பழைய மணிக்கூடும் அதன் பிழையும்

பழைய கைமணிக்கூடு ஒன்றை விலைக்கு வாங்கியவர், அது நாளொன்றுக்கு ஒரு நிமிடம் முந்துகிறது என்று கண்டவுடன் மனஞ் சோர்வதுண்டு. தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவார். அல்லது பின்மூடியைத் திறந்து வேகத்தைத் திருத்த முற்படுவார். இரண்டும் அவசர முடிவுகளே. பிழையின் அளவைப் பார்க்குமுன், அப்பிழை நாள்தோறும் ஒரே சீராக நிகழ்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இவ்வுண்மைக்குச் சிறந்த சான்று கடற்பயண வரலாற்றில் உண்டு. ஆங்கிலேயரான ஜோன் ஹரிசன் 1759 இல் முடித்த மணிக்கூடு, 1761 நவம்பரில் சோதனைக்காக யமேக்காத் தீவுக்குக் கப்பலேறியது. அது நாளுக்கு 2⅔ விநாடி பிந்தும் என்பது அளந்து அறியப்பட்டிருந்தது. 81 நாட்களில் இப்பிந்துதல் மூன்றரை நிமிடத்துக்கும் மேலாகத் திரண்டுவிடும். நான்கு நிமிடப் பிழை நெடுங்கோட்டில் ஒரு பாகையாகும். கப்பலின் இடமே மாறிவிடும். ஆயின் அறிந்த பிழையைக் கணக்கிற் சேர்த்தபோது எஞ்சியது ஏறத்தாழ 5 விநாடி மட்டுமே. பிழையே இல்லாத மணிக்கூட்டை அன்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பிழை மாறாதிருந்தமையே வெற்றியாயிற்று.

மணிக்கூட்டினுள் அங்குமிங்கும் ஆடும் சமநிலைச் சில்லும், அதனோடு இணைந்த மயிர்போன்ற மெல்லிய சுருளிவில்லுமே நேரத்தை அளக்கின்றன. பழைய கைமணிக்கூடுகளுட் பல விநாடிக்கு 5 முறை, நாளுக்கு 4,32,000 முறை துடிப்பவை. இவற்றுள் 300 துடிப்புகள் கூடினாற்கூட ஒரு நிமிடம் முந்திவிடும். இத்துணை நுண்ணிய இயக்கத்தைக் குலைக்கும் காரணங்கள் சில.

முதலாவது, எண்ணெய். ஆண்டுக்கணக்கிற் பேழையுட் கிடந்த மணிக்கூட்டில் எண்ணெய் வற்றும் அல்லது பிசினாகும். அப்போது சில்லின் அலைவு வீச்சுக் குன்றும். சாவி கொடுத்த வேளையில் ஒரு வேகமும், பல மணி நேரங் கழித்து வேறொரு வேகமுமாக ஓடும். இரண்டாவது, காந்தம். ஒலிபெருக்கி போன்றவற்றின் அருகே வைத்தால் உருக்காலான சுருளிவில் காந்தமேறி, அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். மணிக்கூடு திடீரெனப் பல நிமிடங்கள் முந்தும். மூன்றாவது, வைக்கும் நிலை. முகம் மேல்நோக்கிக் கிடக்கையில் உள்ள வேகம், நிமிர்ந்து நிற்கையில் இராது. நான்காவது, வெப்பம். மிகப் பழைய உருக்குச் சுருளிவில் வெப்பத்தாற் தளர்ந்து மணிக்கூட்டைப் பிந்தச் செய்யும். வெப்பத்தாற் பெரிதும் மாறாத நிக்கல் உருக்குக் கலவைகளை ஆராய்ந்த சாள்ஸ் எட்வார்ட் கியோம் 1920 இல் நோபல் பரிசு பெற்றார்.

காரணத்தை அறியும் வழி எளிது. நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் முழுதாகச் சாவி கொடுத்து, வானொலி நேரக் குறியோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் குறித்துவரல் வேண்டும்; இடையில் முட்களைத் தொடலாகாது. ஒரு மணிக்கூடு அடுத்தடுத்து 60, 62, 58 விநாடி முந்துகிறது என்க. மற்றொன்று 20 முந்தி, 50 பிந்தி, 90 முந்துகிறது. பின்னதன் சராசரி 20 விநாடி முந்துதலே. ஆயினும் நம்பத்தக்கது முன்னதே. அதனுள் உள்ள வேகந்திருத்தும் சிறு நெம்பை இம்மியளவு நகர்த்தினாற் போதும். பின்னதன் நெம்பை எத்துணை நகர்த்தினும் பயனில்லை. அதனைக் கழற்றித் துப்புரவு செய்து எண்ணெயிடல் வேண்டும்.

இங்கேதான் அவசரம் கேடு விளைக்கிறது. நெம்பை நகர்த்திச் சில நாள் நேரம் ஒத்துவரக் கண்டவர், குறை தீர்ந்ததென்று நாளும் அணிவார். உள்ளேயோ மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு தடிப்பே உள்ள அச்சுமுனைகள் எண்ணெயின்றித் தேய்ந்துகொண்டிருக்கும். செய்வோர் கைவிட்ட பழைய வகைக்கு மாற்றுறுப்புக் கிடைத்தல் அரிது. ஆதலால், வாங்கியவர் முதலில் அதன் போக்கைச் சில நாள் குறித்துக்கொள்க. பின் அக்குறிப்போடு கைதேர்ந்த திருத்துநரை நாடுக. பல ஆண்டுகள் ஓடிய பொறி, உரிய பராமரிப்புக் கிடைப்பின், இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.