உங்களுக்குத் தெரியுமா? பனியே விழாத ஊரிலும் செடி உறங்கும்

சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19.4 டிகிரி செல்சியஸ். 1934 ஜனவரி 30, 31 தேதிகளில் அது பதிவானது. ஊட்டிக்காரர்கள் இதைக் குளிர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நாமோ 2018 ஜனவரியில் 21, 22 டிகிரிக்கு இறங்கிய சில நாள்களைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

*

அப்படியென்றால் தாழ்வாரத்துக் கறிவேப்பிலை ஜனவரி வந்தால் ஏன் மஞ்சளித்து உதிர்கிறது? குளிர் அல்ல, தண்ணீர்தான் காரணம். வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பகுதி டிசம்பரில் தொடங்கி ஜனவரி நடுப்பகுதிவரை நீளும். 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாள்களில் சாங்கியில் 255 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஜனவரி முழுமைக்குமான சராசரியே 222தான். மழை நேரே தொட்டியில் விழாவிட்டாலும் வெயில் இல்லை, காற்றில் ஈரம், மண் காய்வதே இல்லை. அதைக் கவனிக்காமல் நாம் வழக்கம்போல் காலையில் ஒரு குவளை ஊற்றிவிடுகிறோம். மண்ணின் இடுக்குகளில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டதும் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. வேர் போனால் மேலே இலைக்குத் தண்ணீர் ஏறாது. ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. வாடியதைப் பார்த்து இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். பெரும்பாலான தொட்டிச் செடிகளின் கதை அங்கேதான் முடிகிறது.

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மண் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டையும் எடுத்துவிடுங்கள். செடிக்கும் நல்லது, ஏடிஸ் கொசுவைத் தேடி வரும் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரியிடமும் தப்பிக்கலாம்.

*

சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 9 நிமிடங்கள். லண்டனில் அது எட்டு மணி நேரத்துக்கும் மேல். பகல் சுருங்குவதை வைத்துக் குளிர்காலம் வருவதைத் தெரிந்துகொள்ளும் குளிர்நாட்டுச் செடிகளுக்கு இங்கே ஆண்டு முழுவதும் ஒரே நாள்தான்.

*

கறிவேப்பிலையின் இளந்துளிர்கள் 16 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் தமிழர் வீடுகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும்: அக்டோபரில் தொட்டி வீட்டுக்குள் வந்துவிடும், ஜன்னலோரத்தில் குச்சியாக நிற்கும், விருந்தாளிகள் "செத்துப்போச்சா?" என்று கேட்பார்கள், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். மே, ஜூனில் அதே குச்சியில் துளிர் வரும். சிங்கப்பூரில் அந்தத் தூக்கத்துக்கு வாய்ப்பே இல்லை என்பதால் தேவைக்கு மேல் பறித்தே செடியை இளைக்க வைக்கிறோம். ஈர்க்கு ஈர்க்காகப் பறிப்பதைவிட நுனிக் கொம்பை வெட்டி எடுத்தால் வெட்டிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் வரும்.

*

மார்கழியிலும் தையிலும் தேக்காவில் மல்லிகைச் சரம் இளைத்து, விலை மட்டும் கொழுப்பது ஏன்?

பஃபலோ சாலையிலும் கேம்பல் லேனிலும் தொங்கும் மல்லிகையில் தமிழ்நாட்டிலிருந்து விமானம் ஏறி வருவதும் உண்டு. அங்கே மதுரை, நிலக்கோட்டைப் பக்கத் தோட்டங்களில் குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து நடக்கும். தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. விட்டு மற்றதையெல்லாம் வெட்டி, மிச்ச இலைகளையும் உருவி, தொழுவுரம் போட்டுத் தண்ணீர் கட்டுவார்கள். அந்த வாரத்தில் தோட்டத்தைப் பார்த்தால் யாரோ கோபத்தில் வெட்டிப் போட்டதுபோல் வெறும் குச்சிகள் வரிசையாக நிற்கும். பூ மறுபடி குலுங்க மார்ச் ஆகிவிடும்.

வெட்டாமல் விட்ட செடியும் அந்த மாதங்களில் அதிகம் தராது. இரவு குளிர்ந்து பனி இறங்கினால் மொக்கு சிறுத்துவிடும், எண்ணிக்கையும் சரியும். பொங்கலும் முகூர்த்தங்களும் அதே சமயத்தில் வருவதால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ விலை ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் பனிக்காலத்தில் சலுகை இல்லை.

மல்லி, பிச்சி, முல்லை மூன்றையும் ஒரே சமயத்தில் வெட்டுவதில்லை என்பது இதில் உள்ள சாமர்த்தியம். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி.

இதில் தாழ்வாரத் தோட்டக்காரர்களுக்கும் ஒரு சேதி இருக்கிறது. மல்லிகை புதுக் கொம்பில்தான் பூக்கும். குளிர் வந்து ஓய்வு கொடுக்காத ஊரில் அந்த ஓய்வைக் கத்தரிக்கோல்தான் கொடுக்க வேண்டும். "இலை மட்டும் தழைக்குது, பூவே இல்லை" என்று அலுத்துக்கொள்ளும் வீடுகளில் பெரும்பாலும் செடியைத் தொடவே பயப்படுகிறார்கள். தைரியமாகப் பாதியாக வெட்டி, நான்கு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடத்தில் வையுங்கள்.

*

செடி செத்ததா, தூங்குகிறதா என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, கட்டைவிரல் நகம் போதும். கொம்பின் நுனிப்பக்கம் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே ஈரப்பசையோடு பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காகிதம்போல் உலர்ந்திருந்தால் அந்த இடம் போய்விட்டது. ஒரு சாண் கீழே இறங்கிக் கீறுங்கள். பச்சை தட்டும் இடம்வரை வெட்டிவிடலாம். அடிவரை பழுப்பானாலும் அவசரப்பட வேண்டாம். செம்பருத்தி, அரளி, மருதாணி போன்றவை தரைமட்டத்திலிருந்தும் கிளம்பக்கூடியவை.

*

சரி, உயிர் இருந்தும் துளிர்க்க ஏன் இவ்வளவு நாளாகிறது? நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற ஊக்கி, கீழே பட்டைக்குள் இருக்கும் மொட்டுகளைத் தலைதூக்க விடாமல் அடக்கி வைத்திருக்கும். நுனி கருகியதும் அந்த அடக்குமுறை போய்விடும். ஆனால் எழுந்திருக்கும் மொட்டுக்குச் சாப்பாடு போட இலை இல்லை. வேரிலும் தண்டிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தை எடுத்துத்தான் முதல் இலையை விட வேண்டும். வேர் அடிபட்டிருந்தால் அதையும் சரிசெய்தாக வேண்டும். மண்ணுக்கு மேலே ஒன்றும் நடக்காததுபோல் தெரியும் வாரங்களில் கீழே வேலை நடந்துகொண்டிருக்கலாம். இந்த நேரத்தில் யூரியாவை அள்ளிப் போடுவதுதான் நம்மவர்களின் அவசர வைத்தியம். நொந்த வேரை உரத்தின் உப்பு இன்னும் கருக்கும். முதல் இலைகள் விரிந்து பச்சை கட்டிய பிறகு உரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

*

2022 டிசம்பர் கடுங்குளிரில் பிரிட்டன் தோட்டங்களில் ஹீபி, பிட்டோஸ்போரம் போன்ற புதர்கள் ஏராளமாகக் கருகின. அங்கே தோட்டக்கலை அறிந்தவர்கள் சொல்லும் யோசனை: கோடை தொடங்கும்வரை பிடுங்காதே.

*

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள கால்வெஸ்டனுக்கு 'அரளி நகரம்' என்று பெயர். 1841இல் ஜோசப் ஆஸ்டர்மன் என்ற வணிகர் ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்த செடிகளிலிருந்து தொடங்கிய கதை அது. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலமே உறைந்தது. டல்லஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி. கடலோரமான கால்வெஸ்டனில் அவ்வளவு இல்லை என்றாலும் அரளிகள் தலைமுதல் பழுப்பாகக் கருகின. பட்ட கொம்புகளை வெட்டியதும் பல செடிகள் அடியிலிருந்து புதுக் கொம்புகளை விட்டன. நம் கோயில்களில் சாமிக்குச் சாத்தும் அதே அரளிதான்.

*

ஊட்டிக் குளிர் வெறும் சினிமாக் குளிர் அல்ல. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் விடியற்காலையில் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விட, கனமான குளிர்காற்று பள்ளத்தில் தங்கும். அதனால்தான் மேட்டுத் தேயிலை தப்பிக்க, பள்ளத்துத் தேயிலை மட்டும் கருகுகிறது. திசுக்களுக்கு இடையே நீர் உறைந்து, செல்லுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துக்கொள்வதே கருகலுக்குக் காரணம். கருகிய செடியிலிருந்து கொழுந்து கிள்ள மறுபடி துளிர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை சிறு விவசாயிக்கு வருமானம் இல்லை. 1848இல் தொடங்கிய ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் நாற்றுகளுக்கு மேல் மிலார் செடிகளைக் கொண்டு மூடாக்குப் போடுவார்கள். பிளாஸ்டிக்கைவிட அது எவ்வளவோ தேவலை என்பது என் கட்சி.

*

சிங்கப்பூரின் உண்மையான 'குளிர்காலம்' வறட்சிதான். 2014 பிப்ரவரியில் சாங்கியில் பெய்த மொத்த மழை 0.2 மில்லிமீட்டர். 1869 முதல் உள்ள பதிவுகளில் அவ்வளவு வறண்ட மாதம் வேறு இல்லை. திடல்களின் புல் வைக்கோலாயிற்று, சாலையோரச் செடிகள் தொங்கிப்போயின. நடு மார்ச்சுக்குப் பிறகு மழை திரும்பியது. அடுத்த வாரங்களில் ஊரே பூத்தது. தபெபூயா மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நின்றதைப் பார்த்து, 'சிங்கப்பூர் சக்குரா' என்று எல்லாரும் கைப்பேசியைத் தூக்கினார்கள். பட்ட கஷ்டமே அந்தப் பூக்களுக்குச் சமிக்ஞை.

நடைமேம்பாலங்களின் இருபுறமும் வழியும் காகிதப்பூவும் இந்த ரகம்தான். குறுகலான தொட்டி, சுடும் வெயில், அளவான தண்ணீர். இந்தச் சிக்கனத்தில்தான் அது கலர் காட்டும். அதையே வீட்டில் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்தால் முள்ளும் இலையும்தான் மிச்சம்.

*

தூங்குமூஞ்சி மரக் கிளைகளில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட்டைக் கவனித்திருக்கிறீர்களா? பெருமழையால் வெப்பநிலை சட்டென்று 5 டிகிரிக்கு மேல் இறங்கினால், அதிலிருந்து ஒன்பதாம் நாள் வட்டாரம் முழுக்க எல்லாச் செடிகளும் ஒன்றாகப் பூக்கும். பூவின் ஆயுள் ஒரே நாள். மழை நாளைக் காலண்டரில் குறித்து வைத்தால் பூக்கும் நாளை நீங்களே சொல்லிவிடலாம். ஏற்காடு காப்பித் தோட்டங்களிலும் இதே ஏற்பாடு உண்டு: வெயிலில் உறங்கிய மொட்டு, கோடை மழை விழுந்து பத்து நாளுக்குள் வெள்ளையாக விரியும்.

*

கரையோரப் பூந்தோட்டத்தின் ஃபிளவர் டோம் கண்ணாடிக் கூடம் 1.28 ஹெக்டர் பரப்பு. 2012இல் திறந்தார்கள். ஆலிவ் முதலிய மத்தியத்தரைக்கடல் பகுதிச் செடிகளுக்காக உள்ளே 23 முதல் 25 டிகிரி. அந்தக் குளிருக்கான எரிபொருள்களில் ஒன்று என்ன தெரியுமா? சிங்கப்பூரின் சாலையோர மரங்களையும் பூங்காக்களையும் கத்தரித்த கழிவு. அதை எரித்து வரும் ஆற்றலில் குளிரூட்டுகிறார்கள். 'சூப்பர் மரங்கள்' எனப்படும் கோபுரங்களில் ஒன்று அந்த உலையின் புகைபோக்கியும்கூட.

*

பூமலை எனப்படும் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் 1949 வரை இயக்குநராக இருந்த ரிச்சர்ட் எரிக் ஹோல்ட்டம், தோட்டத்து மரங்கள் எப்போது இலை உதிர்க்கின்றன, எப்போது பூக்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார். பன்னிரண்டு மாதக் கணக்குக்குள் அடங்காத மரங்கள் அதில் தென்பட்டன. ஒரே இனத்தின் இரண்டு மரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒன்று மொட்டையாகவும் ஒன்று பச்சையாகவும் இருப்பது இங்கே சகஜம். மாமரத்தில் அதே மரத்தின் ஒரு கிளை செந்துளிர் விடும்போது அடுத்த கிளை அசையாமல் நிற்கும். பருவம் என்று ஒருவர் கட்டளை இடாத இடத்தில் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓய்வெடுக்கிறது.

*

பொங்கலுக்குக் கேம்பல் லேனில் வாங்கிய மஞ்சள் கொத்தைச் சிலர் கிழங்கோடு தொட்டியில் நடுகிறார்கள். இலை காய்ந்து மடிந்ததும் குப்பைச் சரிவில் போட்டுவிடுவார்கள். மஞ்சளுக்கு அது இயல்பான ஓய்வு. தண்ணீரைக் குறைத்துத் தொட்டியை ஓரமாக வைத்தால் சில மாதங்களில் சுருட்டிய இலை ஈட்டிபோல் மண்ணைக் கீறி வரும்.

*

ஓரமாக என்றதும் ஒன்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் நடைவழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது தீ பாதுகாப்பு விதி. பச்சைப்பசேலென்ற செடி கொஞ்சம் வெளியே நீட்டினால் அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வார்கள். குச்சியாக நிற்கும் தொட்டிகளைப் பற்றித்தான் நகர மன்றத்துக்கு முதலில் புகார் போகும். ஆகவே துளிர்க்கும்வரை அவற்றைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். முடிந்தால் "உயிரோடு இருக்கிறது" என்று ஒரு சீட்டும் ஒட்டலாம், நான்கு மொழியிலும்.