ஐந்தாம் வகுப்போடு நின்ற பாதை

பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924ஆம் ஆண்டில். அதற்கு நான்காண்டுகள் முன்னரே, 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஊவாத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. எனினும், தேயிலைப் பெட்டிகளை மலையிறக்குவதிற் காணப்பட்ட விரைவு, பள்ளிக்கூடம் அமைப்பதிற் காணப்படவில்லை. ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கட்டடமும் தகுந்த ஆசிரியரும் அளிப்பது தோட்டத் துரையின் கடமை என்பது அச்சட்டத்தின் சாரம். பத்து வயதுக்குப் பின் என்ன என்று சட்டம் கேட்கவில்லை. கொழுந்துக் கூடை காத்திருந்தது.

பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைப் பகுதிகளில் முதியோரைக் கேட்டால் அந்தப் பள்ளியைக் கண்முன் நிறுத்துவர். ஒரே மண்டபம்; ஐந்து வகுப்பு; பெரும்பாலும் ஒரே ஆசிரியர். ஒரு மூலையில் அரிச்சுவடி, மறுமூலையில் வாய்பாடு. அவ்வாசிரியரே தோட்டத்தின் வேறு அலுவல்களையும் பார்க்க நேர்ந்ததுண்டு. தாய் மலைக்குப் போனால், தம்பியைப் பார்த்துக்கொள்ள லயத்தில் நின்றுவிடுவாள் மூத்த பெண். பள்ளி வைக்க வேண்டியவரும் வேலை வாங்குபவரும் ஒருவராகவே இருந்ததுதான் நோயின் வேர் என்பது எம் கருத்து.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. இந்நாட்டு வரலாற்றில் அதற்கு நிகரான சீர்திருத்தம் அரிது. ஆயினும் தோட்டப் பிள்ளையைத் தடுத்தது கட்டணமன்று. ஆறாம் வகுப்பே இல்லாத இடத்தில் இலவசப் பல்கலைக்கழகத்தால் யாது பயன்? தோட்டம் கட்டடமும் நிலமும் தர, அரசு பள்ளியை நடத்தவேண்டும் என 1947ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வகுத்தது. நல்ல ஏற்பாடே, ஆனால் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது.

நிற்காமல் என்செய்யும்? கேட்பதற்கு ஆளில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தையடுத்து மலையகத்தாருட் பெரும்பாலோர் வாக்கிழந்தனர். 1952இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. நாளை கப்பலேறவுள்ள பிள்ளைக்குப் புதுப் பள்ளி கட்ட யார் முன்வருவார்?

தோட்டங்கள் தேசிய உடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதியில், இப்பள்ளிகள் அரசின் கைக்கு வரலாயின. பின்வந்த இரு தசாப்தங்களில் லயங்களிற் பிறந்த இளைஞரும் யுவதியரும் ஆசிரியராக நியமனம் பெற்றனர். கொட்டகலைப் பத்தனையில் ஸ்ரீபாத கல்விக் கல்லூரி எழுந்தது. தம் வகுப்பறைக்குத் தம்முள் ஒருவரே ஆசிரியராக வந்து நின்ற அந்த மாற்றத்தைச் சட்டங்கள் அனைத்தினும் பெரிதாக மதிப்போம்.

இன்று பதுளையில், பசறை வீதியில், 2005இல் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பம் அங்கே ஒரு பட்டப்படிப்பு. அதற்குள் நுழைய உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்றிருக்க வேண்டும். அதனைத் தமிழிற் கற்பிக்கும் தோட்டப்புறப் பள்ளிகளோ இன்னும் சிலவே.