தண்டனைக்குப் பிறகு 14 நாட்கள்

ராகலை பொலிஸார் பிடித்த ஒருவருக்கு வலப்பனை நீதவான் நீதிமன்றத்தில் தண்டனை விழுந்துவிட்டது. அதே நீதவானிடம் ஒரு மோஷன் போட்டால் தீர்ப்பு மாறிவிடும் என்று குடும்பம் நம்பினால், அந்த நம்பிக்கையே அவருடைய உரிமைக்கு எதிரியாகிவிடும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, கையொப்பமிட்ட தீர்ப்பை அதை வழங்கிய நீதிமன்றம் மறுபடி ஆராய முடியாது. எழுத்துப்பிழை போன்ற சிறு தவறுகளையே திருத்தலாம். மேன்முறையீடு செய்ய 320ஆம் பிரிவு தரும் அவகாசம் தீர்ப்பு நாளிலிருந்து 14 நாட்கள். மோஷன் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்த நாட்கள் காத்திருப்பதில்லை. மோஷன் தள்ளுபடியான பிறகு நுவரெலியா மேல் நீதிமன்றத்துக்கு ஓடினால், மூலத் தீர்ப்பை எதிர்க்கும் காலம் அநேகமாகக் கடந்திருக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்கோ மேன்முறையீட்டு வழியே மிகவும் குறுகியது.

மீளாய்வு மனுவுக்குக் காலவரையறை இல்லையே, பிறகு ஏன் அவசரம் என்று கேட்கலாம். அரசியலமைப்புக்கான 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு, மீளாய்வு ஆகிய இரண்டு அதிகாரங்களையும் கொடுத்தது உண்மைதான். ஆனால் மேன்முறையீடு உரிமை. மீளாய்வு நீதிமன்றத்தின் தற்றுணிபு. விசேட காரணம் காட்ட வேண்டும், தாமதத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டும். உரிமை கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டுத் தற்றுணிபை நம்பியிருப்பது ஆபத்து.

வழக்கு என்றாவது முடியத்தானே வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கும் நிம்மதி வேண்டாமா என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. கால எல்லை தேவைதான். ஆனால் தன் தண்டனை என்னவென்றே விளங்காதவருக்கு 14 நாள் அவகாசம் வெறும் காகித உரிமை. மலையகத்தில் வழக்குகள் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கின்றன. தோட்டத் தொழிலாளிக்கு அந்தச் சட்டச் சிங்களம் புரியும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற மொழி அறியாத தரப்பினருக்கு அரச செலவில் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறும் உரிமையைத் தருகிறது. தண்டனை வாசிக்கப்படும் அன்றே மேன்முறையீட்டு உரிமையையும் கடைசித் திகதியையும் தமிழில் சொல்லும்படி கேளுங்கள். கேட்காமலே சொல்வது நீதிமன்றங்களின் நடைமுறையாக வேண்டும். சட்டத்தரணியைப் பிடிக்க வசதியில்லை என்பதால் நாட்களைப் போகவிடாதீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அதற்கும் நேரமில்லையென்றால், 320ஆம் பிரிவே இன்னொரு வழி சொல்கிறது: மேன்முறையீடு செய்யும் விருப்பத்தையும் அதற்கான காரணங்களையும் அந்த 14 நாட்களுக்குள் நீதிமன்றப் பதிவாளரிடமோ, உள்ளே இருப்பவர் சிறைச்சாலை ஜெயிலரிடமோ தெரிவிக்கலாம். மனுவைத் தயாரித்துத் தாக்கல் செய்வது அதன்பின் அவர்களுடைய கடமை.