கடல் கடந்த பணிப்பெண்களுக்குத் தட்டுவதற்கு ஒரு கதவு

எங்கள் சாகாமத்திலிருந்து அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை என்று கரையோரமாகப் போய்ப் பார்த்தால், வெளிநாட்டுக் காசில் எழும்பிய வீடு இல்லாத தெருவைக் காண்பது அரிது. மகளுக்குக் கல்யாணம் பேசும்போது வீடு கொடுப்பது நமது பகுதியின் வழக்கம். அந்த வீட்டைக் கட்டுவதற்காகவே பல உம்மாமார் சவூதி அரேபியா, குவைத், கட்டார், ஓமான் என்று வீட்டுப் பணிப்பெண்களாகப் போனார்கள்; இன்றும் போகிறார்கள். 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து வேலைக்காக வெளிநாடு சென்ற நால்வரில் ஏறத்தாழ மூவர் பெண்கள். அவர்களில் பெரும்பாலானோர் பணிப்பெண்களே.

போகும் பெண்ணைப் பற்றி நாம் வழமையாகக் கேட்பவை சில உண்டு. சம்பளம் எவ்வளவு? எத்தனை வருட ஒப்பந்தம்? வீட்டு வேலை எப்போது முடியும்? இக்கட்டுரையில் நான் இன்னொரு கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். அங்கே அவளுக்கு ஒரு துன்பம் வந்தால் அவள் யாருடைய கதவைத் தட்டுவாள்?

நம் நாட்டைப் போலவே இலட்சக்கணக்கான பெண்களை வீட்டு வேலைக்கு அனுப்பும் நாடு பிலிப்பைன்ஸ். அங்குள்ள பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். அந்நாட்டுப் பெண்கள் இக்கேள்விக்குத் தங்கள் தேவாலயங்கள் மூலமாக ஒரு விடையைக் கண்டார்கள். அதை நாம் அறிந்துகொள்வது பயனுள்ளது.

வீட்டு வேலையின் தனிமை

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பக்கத்தில் தோழி இருப்பாள். மாலையில் வேலை முடிந்து வெளியே வரலாம். வீட்டுப் பணிப்பெண்ணுக்கோ வேலை செய்யும் இடமும் உறங்கும் இடமும் ஒன்றே. நான்கு சுவருக்குள் என்ன நடந்தாலும் வெளியே தெரியாது.

இத்தனிமையை வளைகுடா நாடுகளின் 'கபாலா' முறை இன்னும் இறுக்குகிறது. கபாலா என்றால் பொறுப்பேற்றல். வேலைக்கு அழைப்பவரே, அதாவது கபீலே, அப்பெண்ணின் விசாவுக்குப் பொறுப்பாளர். அவருடைய அனுமதியின்றி வீட்டை விட்டு வெளியேறினால் 'ஓடிப்போனவள்' என்று அவள் மீதே முறைப்பாடு செய்யலாம். சட்டம் தடுத்தாலும் கடவுச்சீட்டைக் கபீலே வாங்கி வைத்துக்கொள்வது பரவலான பழக்கம். சில நாடுகள் இம்முறையில் திருத்தங்கள் செய்துள்ளன. ஆயினும் வீட்டுப் பணிப்பெண்களுக்கு அவற்றின் பயன் மிகக் குறைவாகவே கிடைக்கிறது. மொழி தெரியாமல், வெளியே போக முடியாமல், கையில் தொலைபேசியும் இல்லாமல் இருக்கும் பெண் எங்கே போய் முறையிடுவாள்?

ஹொங்கொங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஹொங்கொங்கில் 3 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பணிப்பெண்கள் வேலை செய்கிறார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பெண்களே அவர்களில் மிக அதிகம். ஏழு நாட்களுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஞாயிறு தோறும் நகரின் மத்திய பகுதியில் ஆயிரக்கணக்கான பிலிப்பைன்ஸ் பெண்கள் ஒன்றுகூடுகிறார்கள். வழிபாட்டுக்குப் போய்வந்து, மட்டைகளை விரித்து அமர்ந்து, சாப்பாட்டைப் பகிர்ந்து, வீட்டுக்குக் கதைத்து, ஒருவர் கஷ்டத்தை ஒருவர் கேட்கிறார்கள். இப்படிக் கூடும்போதுதான் மறைந்திருக்கும் துன்பங்கள் வெளியே வருகின்றன. ஒருத்தியின் கையிலுள்ள சூட்டுக் காயத்தை இன்னொருத்தி காண்கிறாள். ஒருத்திக்குச் சம்பளம் குறைவாகக் கிடைப்பது பேச்சோடு பேச்சாகத் தெரிய வருகிறது.

அந்தப் பகுதியிலேயே இருக்கிறது புனித யோவான் பேராலயம். புலம்பெயர் தொழிலாளர்களுக்கான மிஷன் என்ற அமைப்பு 1981இல் தொடங்கி அங்கிருந்து இயங்கி வருகிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது, பாக்கிச் சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவது, தொழில் திணைக்களத்தில் எப்படி முறையிடுவது என்பதையெல்லாம் அது சொல்லிக் கொடுக்கிறது. வேலை முறிந்தால் இரண்டு வாரத்துக்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்பது 1987 முதல் ஹொங்கொங்கிலுள்ள விதி. வழக்குப் பேச நிற்கும் பெண்ணுக்குத் தங்க இடமும் இல்லை, வருமானமும் இல்லை. அத்தகைய பெண்களுக்காக 1986இல் தொடங்கப்பட்ட பெத்யூன் இல்லம் என்ற புகலிடம் உணவும் உறைவிடமும் கொடுக்கிறது.

தஞ்சம் கொடுப்பதோடு இவ்வேலை நிற்கவில்லை. பிலிப்பைன்ஸ் அரசு 1982இல் ஓர் ஆணை பிறப்பித்தது. வீட்டுப் பணிப்பெண்கள் தங்கள் சம்பளத்தில் பாதியைக் கட்டாயமாக வங்கி வழியாக நாட்டுக்கு அனுப்ப வேண்டும். தவறினால் கடவுச்சீட்டு புதுப்பிக்கப்படாது. ஹொங்கொங் பெண்கள் ஒன்றுசேர்ந்து இதை எதிர்த்தார்கள். 1985இல் அரசு அத்தண்டனைகளை நீக்கியது. உதவி தேடி வந்தவர்களே சங்கமாகத் திரண்டு தங்கள் உரிமையைப் பேசக் கற்றுக்கொண்டார்கள். வலுவூட்டல் என்று பாடப் புத்தகத்தில் நாம் படிக்கும் சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மதம் கேட்காத கதவு

இந்தோனேசியாவின் ஜாவாவைச் சேர்ந்த எர்வியானா சுலிஸ்தியானிங்சி என்ற முஸ்லிம் பெண் 2013இல் ஹொங்கொங்குக்கு வேலைக்குப் போனார். மாதக் கணக்கில் அடி வாங்கி, நடக்கவே முடியாத நிலையில் 2014 ஜனவரியில் அவரை வீட்டுக்காரி விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டாள். அங்கே தற்செயலாக அவரைக் கண்ட இன்னோர் இந்தோனேசியப் பெண்தான் அவரை வீடுவரை கொண்டு சேர்த்தார். அவருடைய படங்கள் உலகெங்கும் பரவின. புலம்பெயர்ந்த பெண்களின் சங்கங்களும் அந்த மிஷனும் அவருக்குத் துணை நின்றன. 2015 பெப்ரவரியில் அந்த வீட்டுக்காரிக்கு ஆறு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. எர்வியானாவுக்கு உதவியவர்கள் அவரது மார்க்கம் எது என்று கேட்டு உதவவில்லை.

இரண்டு மரணங்கள்

1995 மார்ச் 17இல் புளோர் கொன்தெம்ப்ளசியோன் என்ற பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணுக்குச் சிங்கப்பூரில் கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் குற்றவாளி அல்லர் என்று அந்நாட்டு மக்கள் பலர் நம்பினார்கள். தேவாலயங்களில் பிரார்த்தனைகள் நடந்தன. தெருக்களில் மக்கள் திரண்டார்கள். அதே வருடம் ஜூன் மாதத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பாதுகாக்கும் 8042ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது.

நமக்கு வந்த துயரம் ரிசானா நபீக். மூதூரைச் சேர்ந்த அவர் 2005 மே மாதத்தில் சவூதி அரேபியாவுக்குப் போனார். அவர் பிறந்தது 1988இல். கடவுச்சீட்டிலோ 1982 என்று எழுதப்பட்டிருந்தது. உண்மையான வயது 17. இதை எழுதும் எனக்கும் அதே வயது. போன சில வாரங்களிலேயே அவரது பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. புட்டிப்பால் கொடுக்கும்போது குழந்தைக்குப் புரையேறியது என்றார் ரிசானா. கொலை என்றது வழக்கு. விசாரணையின்போது அவருக்குச் சட்டத்தரணி இருக்கவில்லை; தகுதியுள்ள தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இருக்கவில்லை. 2007 ஜூனில் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேன்முறையீட்டுக்கான செலவுக்கு நிதி திரட்டியது ஹொங்கொங்கிலுள்ள ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு. 2013 ஜனவரி 9இல் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அதன்பின் பணிப்பெண்களாகச் செல்வோரின் ஆகக் குறைந்த வயது சவூதிக்கு 25 என்றும், ஏனைய மத்திய கிழக்கு நாடுகளுக்கு 23 என்றும் ஆக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் அது மீண்டும் 21 ஆகக் குறைக்கப்பட்டது.

தேவாலயம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சவூதியில் தேவாலயமே கிடையாது. வளைகுடாவில் பிலிப்பைன்ஸ் பெண்களும் கொடுமைக்கு ஆளாகிறார்கள். ஆனால் அவர்களுக்காகக் குரல் எழுப்பும் பழக்கம் அந்நாட்டில் வேரூன்றிவிட்டது. 2018இல் குவைத்தில் ஒரு பணிப்பெண்ணின் உடல் குளிர்பெட்டிக்குள் கண்டெடுக்கப்பட்டபோது, அவர்களது அரசு குவைத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதே வருடம் மே மாதத்தில், கடவுச்சீட்டைக் கபீல் வைத்திருக்கக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று குவைத்துடன் ஒப்பந்தம் எழுதியது.

நமது கதவுகள்

நமது பெண்கள் போகும் நாடுகளில் பள்ளிவாசலுக்குப் பஞ்சமில்லை. ஐந்து நேரமும் பாங்கு கேட்கிறது. ஆனால் வீட்டை விட்டு வெளியே வர முடியாத பணிப்பெண்ணுக்கு அந்தப் பாங்குச் சத்தம் மட்டுமே வந்து சேர்கிறது. ஆகவே நமது கதவை நாம் ஊரிலிருந்தே திறக்க வேண்டியிருக்கிறது.

கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொன்னதும், அநீதி இழைக்கப்பட்டவரின் பிரார்த்தனைக்கு அஞ்சச் சொன்னதும் நமது மார்க்கம். மஹல்லா தோறும் பள்ளிவாசல் நிர்வாக சபை இருக்கிறது. ஸகாத் நிதி இருக்கிறது. படித்த பெண்கள் இருக்கிறார்கள். வெளிநாடு போகும் பெண்ணின் ஒப்பந்தப் பிரதி, கடவுச்சீட்டுப் பிரதி, கபீலின் முகவரி ஆகியவற்றைப் பள்ளிவாசலில் ஒரு பதிவேட்டில் வைக்கலாம். அவளது குடும்பத்தோடு மாதம் ஒரு முறை கதைக்க ஓர் ஆசிரியையை நியமிக்கலாம். இரண்டு மாதம் தொடர்பு அறுந்தால் உடனே அதிகாரிகளுக்கு அறிவிக்கலாம். திரும்பி வந்தவர்களைக் கொண்டே போகப் போகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். திரும்பி வந்தவளைப் பற்றி ஊர் குறை பேசாமல் இருந்தாலே அது பெரிய உதவி. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் பட்ட துன்பத்தை வாய் திறந்து சொல்வதில்லை.

பெற்றோர்களே, சகோதரிகளே, இவற்றை நினைவில் வையுங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் யாரும் போகக் கூடாது. பதிந்தவருக்குக் காப்புறுதி உண்டு. முறையிடவும் வழி உண்டு. பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். பணியகத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் 1989. வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டு எடுத்துத் தருவதாகச் சொல்லும் தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

வீடு கட்டப் போகும் உம்மாவின் பெயரும் அவர் இருக்கும் முகவரியும் இந்த ஊரில் நாலு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். அவருக்கு ஒரு கஷ்டம் வந்தால் முதலில் தட்டப்படும் கதவு நம்முடையதாக இருக்க அது போதும்.