யானை நட்ட மரங்கள்

யானை என்றதும் நம் இல்லங்களில் நினைவுக்கு வருவது அப்ரஹாவின் படையும், சிறார்கள் மனனம் செய்யும் ‘அல்-ஃபீல்’ அத்தியாயமுமே ஆகும். அந்த மாபெரும் பிராணிக்கு வல்ல இறைவன் காட்டிலே ஒப்படைத்திருக்கும் பணியைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை.

கோச்சடையைத் தொட்டு ஓடும் வைகை, தேனி மாவட்டத்து வருசநாட்டு மலைகளில் பிறக்கிறது. 1895 முதல் முல்லைப் பெரியாற்று நீரும் அதனுடன் சேர்கிறது. அந்த மலைக்காடுகள் யானைகளின் வாழிடம். அவற்றில் ஒரு பகுதி 2021-இல் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மழை நீரைப் பிடித்துவைத்து ஆற்றுக்கு அளிப்பது காடு. அக்காட்டை வளர்ப்போரில் ஒருவர் யானையார்!

விதைப்பவர்

வளர்ந்த யானை நாளொன்றுக்குச் சுமார் 150 கிலோ தழை, புல், பட்டை, கனிகளை உண்கிறது. அதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியேறுகிறது. இது குறையன்று, இறைவனின் ஏற்பாடு. விழுங்கிய விதைகள் ஒரு நாளுக்கும் மேலாக வயிற்றில் தங்கி, தாய்மரத்திற்கு வெகு தொலைவில் எருவோடு சேர்ந்தே மண்ணை அடைகின்றன. விளாம்பழம் போன்ற கெட்டியான ஓடுடைய கனிகளை எளிதில் உண்ண வல்லது யானை. மேற்கு வங்கத்தின் பக்சா காட்டில் நடந்து, 2015-இல் வெளியான ஆய்வொன்று, சில பெருங்கனி மரங்களின் விதைகளைப் பரப்புவதில் மாடும் எருமையும் யானைக்கு ஈடாகா எனக் காட்டியது.

பிறருக்கும் பங்கு

யானையின் இலத்தி சாணவண்டுகளுக்கு உணவு. இலங்கையில் அதனுள் தவளைகளும் தங்கியிருந்ததை 2009-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மியான்மரில் யானையின் காலடிக் குழிகளில் தேங்கிய நீரில் தவளைகள் முட்டையிட்டிருந்தன. யானை முறித்துப் போடும் கிளைகளின் தழையை மான்கள் மேய்கின்றன. கென்யாவில், யானை சிதைத்த மரங்களின் பிளவுகளில் பல்லிகள் குடியேறியதாக 2008-இல் அறியப்பட்டது. கோடையில் வைகை மணலில் நம் பெண்கள் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்ததைப் போலவே, யானையும் வறண்ட ஓடைகளில் காலாலும் துதிக்கையாலும் தோண்டுகிறது. அது குடித்துச் சென்ற பின் பிற விலங்குகளும் பறவைகளும் அங்கே தாகம் தீர்த்துக்கொள்கின்றன.

மறுபக்கம்

யானை மரத்தைச் சாய்க்கவும் செய்கிறது. பரந்த காட்டில் அவ்விடம் வெளிச்சம் பெற்றுப் புல்லும் இளங்கன்றும் தழைக்கும். காடு சுருங்கி, வழித்தடங்கள் அடைபட்டு, ஒரே இடத்தில் யானைகள் நெருங்கினால் அதுவே அழிவாகிவிடும். 2023 மே மாதம் ‘அரிக்கொம்பன்’ என்னும் யானை கம்பம் நகருக்குள் புகுந்தபோது ஒருவர் உயிரிழந்தார். ஓரிரவில் வாழைத் தோட்டத்தை இழந்த உழவரிடம் யானையின் பெருமையைப் பேசுவது நியாயமன்று. அவருக்கு உரிய இழப்பீடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். வழித்தடங்களை மறிக்காதிருப்பது மனிதர், யானை ஆகிய இரு தரப்புக்குமே பாதுகாப்பு.

நம் கடமை

மரம் நட்டவருக்கு, அதன் கனியை மனிதரோ பறவையோ விலங்கோ உண்டாலும் தர்மத்தின் நன்மை உண்டு என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. பூமியில் நடமாடும் உயிரினங்களும் நம்மைப் போன்ற சமுதாயங்களே எனத் திருமறையின் ‘அல்-அன்ஆம்’ அத்தியாயம் உணர்த்துகிறது. பூமியில் பிரதிநிதியாக்கப்பட்ட நாம் அந்தச் சமுதாயத்தின் வழியை அடைக்கலாமா?

விடுமுறையில் மேகமலைக்கோ தேக்கடிக்கோ குடும்பத்தோடு செல்வோர், பிளாஸ்டிக் பைகளையும் மீந்த உணவையும் அங்கே எறியாமல் திரும்பக் கொண்டு வாருங்கள். தாய்மார்களே, பிள்ளைகளுக்கு ‘அல்-ஃபீல்’ ஓதிக் கொடுக்கும் நாளில், யானை நட்ட மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.